‘இங்கிதம்’: சொல் எங்கிருந்து வந்தது, பலகையில் எழுதலாமா?

பண்ணைக்காட்டு மிளகு (கேள்வி; பதில் எழுதுபவர்களின் புனைபெயர்கள் அவரவர் பதிலுக்கு மேலே உள்ளன)

வணக்கம். பழனிமலையில், தாண்டிக்குடி சாலையில் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தங்கும் விடுதிக்காக இரண்டு எழுத்து வேலைகள் உள்ளன. ஒன்று, வாசலில் வைக்கும் பலகை. நான்கடிக்கு இரண்டரை அடி. தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். இன்னொன்று, சமையலாட்கள், அறை சுத்தம் செய்பவர்கள், ஜீப் ஓட்டுநர்கள் ஆகியோர் கையில் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு. ‘மேனர்ஸ்’ என்று போட மனமில்லை. இரண்டுக்குமே ‘இங்கிதம்’ என்று தலைப்பு வைக்கலாம் என்று யோசனை.

தலைப்பைக் காட்டினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ‘இங்கு இதமாக நடந்துகொள்’ என்பதுதான் இங்கிதம் ஆயிற்று, சுத்தமான தமிழ்ச்சொல், தாராளமாகப் போடு என்கிறார் ஒருவர். அது வடசொல், ‘நாகரிகம்’ என்று போடு என்கிறார் மற்றவர். மலையாள வரிகளை எழுதித்தர ஒப்புக்கொண்டவரோ, இந்தத் தலைப்பை அப்படியே மலையாள எழுத்தில் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிச் சிரிக்கிறார். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இங்கிதம் என்பதன் சரியான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது? நாகரிகம், மரியாதை, பண்பு ஆகியவற்றிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது? பலகைக்கு எது பொருந்தும், ஆட்களுக்கான குறிப்புக்கு எது பொருந்தும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடிச்சொல்

முதலில் ‘இங்கு + இதம்’ கணக்கைத் தீர்த்துவிடுவோம். புணர்ச்சியில் பிழை இல்லை. ‘இங்கு’ குற்றியலுகரத்தில் முடிகிறது. வருமொழி உயிரில் தொடங்கினால் உகரம் கெட்டு மெய்மேல் உயிர் ஏறும். இங்கிதம் என்றே வரும். இந்த விளக்கம் பரவியதற்கு அதுதான் காரணம். ஆனால் புணர்ச்சி சரியாக இருந்தால் மட்டும் பிறப்பு சரியாகிவிடாது. இதே கணக்கில் ‘அங்கு + இதம் = அங்கிதம்’ என்றும் சொல்லலாம்; அங்கிதமோ அடையாளம், முத்திரை என்று பொருள்படும் வேறொரு சொல். மேலும் ‘இதம்’ என்பதே ‘ஹிதம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஆகவே இந்த விளக்கத்தை ஏற்றாலும் சொல் முழுத்தமிழ் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வழக்கில் இந்தச் சொல்லுக்கு இதத்தோடு தொடர்பே இல்லை.

வடமொழியில் ‘இங்க்’ என்ற வேருக்கு அசைதல், சலித்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘இங்கிதம்’ முதலில் உடலசைவைக் குறித்தது. கண் இமைப்பது, உதடு சுழிப்பது, கை பிசைவது போன்றவை. பிறகு அந்த அசைவால் வெளிப்படும் உட்கருத்தையும் அதே சொல் குறித்தது. அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணம் 15ஆம் அத்தியாயம் மந்திராலோசனை ரகசியம் காப்பதைப் பேசுகிறது. அங்கே இதற்கு இலக்கணமே இருக்கிறது: இயல்புக்கு மாறான நடத்தை இங்கிதம், முகத்தில் கொள்ளும் தோற்றம் ஆகாரம். வாயைக் கட்டினாலும் இந்த இரண்டும் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அமைச்சன் அவற்றை அடக்க வேண்டும் என்கிறது. மனுநூல் ஏழாம் அத்தியாயத்தில் தூதனுக்குரிய தகுதிகளைச் சொல்லும்போது இங்கிதம், ஆகாரம், சேஷ்டை (உடற்செயல்) மூன்றையும் அறிந்தவனாக இருக்க வேண்டும் என்று வருகிறது.

இந்த இரண்டு இடங்களிலும் இங்கிதம் நல்லொழுக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒருவரை அறியாமல் வெளியே கசிவதுதான் இங்கிதம். அதைப் படிக்கத் தெரிவதுதான் திறமை. அப்படிப் படிக்கத் தெரிந்தவனுக்கு வடமொழியில் ‘இங்கிதஜ்ஞன்’ என்று பெயர். ‘இங்கிதம் தெரிந்தவர்’ என்று தமிழில் இன்று சொல்வது அதே தொடர்தான், சொல்லுக்குச் சொல்.

பொருள் மாறியது இந்தத் தொடருக்குள்ளேதான். இங்கிதம் தெரிந்தவர் என்றால் முதலில் ‘பிறர் குறிப்பைத் தெரிந்தவர்’. குறிப்பைத் தெரிந்தவர் பிறர் மனம் நோகாமல் நடப்பார். நாளடைவில் கேட்பவர் காதில் தொடர் முழுவதும் ‘நயமாக நடப்பவர்’ என்றே விழுந்தது. அதற்குப் பிறகு ‘இங்கிதம்’ என்ற பாதியை மட்டும் தனியே எடுத்தாலும் அதே நயப்பொருளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ‘இதம்’ என்ற ஒலி உள்ளே ஒளிந்திருந்ததும் இதற்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்; இனிமை என்ற பொருளும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பழைய பொருள் 19ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்ததற்கு வள்ளலாரின் ‘இங்கிதமாலை’யே சான்று. திருவொற்றியூர் இறைவனிடம் தலைவி ஒன்று கேட்கிறாள்; அவர் இரட்டைப் பொருளில் ஒன்று சொல்கிறார்; அவள் தோழியிடம் ‘இதுதான் என்னடி’ என்று வியக்கிறாள். பாட்டுக்குப் பாட்டு இதே விளையாட்டு. அங்கே இங்கிதம் என்பது உள்ளே மறைத்து வைத்த கருத்து. நல்ல நடத்தைக்கு அந்தத் தலைப்பில் இடமே இல்லை.

இன்றைய வழக்கிலும் இந்தப் பழைய பொருளின் தடம் வினைச்சொற்களில் இருக்கிறது. இங்கிதம் தெரியும், இங்கிதம் தெரியாது, இங்கிதம் பார்க்காமல் பேசினான் என்கிறோம். மரியாதையைக் கொடுக்கலாம், வாங்கலாம், செய்யலாம். இங்கிதத்தைக் கொடுக்கவோ வாங்கவோ முடியாது. ஒரு சொல் எந்த வினையோடு மட்டும் சேர்கிறது என்று பார்த்தால் அது அறிவா, பொருளா, செயலா என்பது தெரிந்துவிடும். இது அறிவு. ஆகவே ‘இங்கிதம் காப்போம்’, ‘இங்கிதத்தைக் கடைப்பிடிக்கவும்’ என்றெல்லாம் பலகையில் எழுதினால் தமிழ்க் காதுக்கு எங்கோ இடிக்கும்.

போடிமெட்டு

மலையாளம் எழுதுபவர் சிரித்த காரணம் இது. மலையாளத்தில் ‘இங்கிதம்’ என்றால் ஆசை, உள்விருப்பம். பத்திரிகைகளில் அது அதிகமாக வரும் தொடர் ‘இங்கிதத்தினு வழங்ஙுக’. ஒருவருடைய இச்சைக்கு இணங்குவது. பெரும்பாலும் தகாத இச்சை. தங்கும் விடுதி வாசலில் அந்தத் தலைப்போடு பலகை நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு வருகிறவர்களில் கன்னடர்களும் உண்டு. கன்னடத்தில் ‘இங்கித’ என்றால் விருப்பம், நோக்கம். அரசியல்வாதி ஒருவர் தேர்தலில் நிற்கும் ‘இங்கிதத்தை வெளிப்படுத்தினார்’ என்று செய்தி வரும். தெலுங்கில் ‘இங்கித ஜ்ஞானம்’ என்று சேர்த்துச் சொன்னால் சாதாரண அறிவு. ‘உனக்கு இங்கித ஜ்ஞானம் இல்லையா’ என்றால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற ஏச்சு. இந்தியில் ‘இங்கித் கர்னா’ என்றால் சுட்டிக்காட்டுதல். மேலே ‘அடிச்சொல்’ சொன்ன பழைய பொருளை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பக்கம் இழுத்திருக்கிறது. நடத்தை நயம் என்ற பக்கம் முழுதாகச் சாய்ந்தது தமிழ்தான்.

மலையாளப் பாதிக்கு ‘அதிதிகளுடெ ஸ்ரத்தய்க்கு’ போதும். விருந்தினர் கவனத்துக்கு என்று பொருள், எல்லா இடத்திலும் எழுதுவதுதான். தமிழிலிருந்து வரிக்கு வரி பெயர்க்கச் சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரை அவர் மொழியில் எழுதவிடுங்கள்.

தாயலகு

வடசொல் என்று தெரிந்த பிறகு எதற்குத் தயக்கம்? நம்மிடம் ‘குறிப்பறிதல்’ இருக்கிறதே. குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். அரசவையில் வேண்டியதும் காதலில் வேண்டியதும் ஒரே திறம் என்று ஒரே தலைப்பை இரு இடத்தில் வைத்தார் வள்ளுவர். ‘கூறாமை நோக்கிக் குறிப்பறிவான் எஞ்ஞான்றும் மாறாநீர் வையக் கணி’ என்பது 701. சொல்லாமலே முகம் பார்த்துக் கருத்தை அறிபவன் எப்போதும் உலகுக்கு அணி. ‘அடிச்சொல்’ விளக்கிய இங்கித அறிவு முழுவதும் இந்த ஒன்றே முக்கால் அடியில் அடங்கிவிட்டது. ஆட்களுக்கான குறிப்புக்குத் தலைப்பு ‘குறிப்பறிந்து நட’ என்று வைக்கலாம்.

பொதினி

‘தாயலகு’ சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இங்கிதத்தைத் துரத்த வேண்டியதில்லை. சமையல்கட்டில் வேலை செய்பவருக்கு ‘குறிப்பறிதல்’ பள்ளிப் பாடத்தை நினைவூட்டும். ‘இங்கிதம் தெரியாதவன்’ என்ற வசவு எல்லோருக்கும் உடனே உறைக்கும். மற்ற மூன்று சொற்களைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன்.

நாகரிகம். (ரி குறில். ‘நாகரீகம்’ என்று பெயர்ப்பலகை எழுதுபவர்கள் நீட்டிவிடுவார்கள்; முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.) நகரத்தான் என்று பொருள்படும் ‘நாகரிக’ என்ற வடசொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள், சொல்லாராய்ச்சியாளர் தேவநேயப் பாவாணர் ‘நகர்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது என்று கொண்டார். எந்தப் பக்கம் நின்றாலும் நகரம்தான் அடி. ஆனால் சொல் வரும் மிகப் பழைய தமிழ்ப் பாட்டில் நகரமே இல்லை என்பதுதான் சுவை. நற்றிணை 355, குறிஞ்சித்திணை. காந்தள் குலை வாழையின் கொழுத்த மடலில் தோய்ந்து கிடக்கிறது, பிள்ளை பெற்றவள் தன் முலையைக் குழந்தை வாயில் வைத்து அழுத்தும் கையைப்போல. அந்த மடலில் விழுந்து தேங்கிய அருவி நீரைச் செம்முக மந்தி குடிக்கிறது. அப்படிப்பட்ட நாட்டுக்காரனே என்று தலைவனைக் கூப்பிட்டுத் தோழி சொல்கிறாள்:

‘முந்தை இருந்து நட்டோர் கொடுப்பின்
நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்’

கண்ணெதிரே இருந்து நண்பர்கள் கொடுத்தால் மிகுந்த நாகரிகம் உடையவர் நஞ்சையும் உண்பார்கள். உடனே அடுத்ததைச் சொல்கிறாள்: என் தோழியின் தோளில் துயில்வது உன் நெஞ்சுக்கு இன்பம் தராவிட்டாலும், ‘என்கண் ஓடி அளிமதி’, என்மேல் கண்ணோட்டம் வைத்தாவது அவளுக்கு அருள் செய். நாகரிகமும் கண்ணோட்டமும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. குறள் 580 ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்பது கண்ணோட்டம் என்ற 58ஆம் அதிகாரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பரிமேலழகர் நாகரிகம் என்பதற்குக் கண்ணோட்டம் என்றே உரை எழுதி, இந்த நற்றிணை வரிகளைச் சான்று காட்டுகிறார். கண்ணோட்டம் என்றால் பழகியவர் முகத்துக்காக விட்டுக்கொடுப்பது.

அந்தப் பொருள் இன்று தேய்ந்துவிட்டது. சிந்துவெளி நாகரிகம், நாகரிக உடை என்று வேறு இரண்டு பக்கம் போய்விட்டது. ‘நாகரிகமாக நடந்துகொள்ளுங்கள்’ என்று பலகையில் எழுதினால், படிப்பவர் காதில் ‘நீங்கள் நாகரிகம் இல்லாதவர்’ என்றுதான் விழும். பேருந்துக்குள்ளே எழுதும் வாசகம் போலிருக்கும். வேண்டாம்.

மரியாதை. வடமொழி ‘மரியாதா’. எல்லை, கரை என்பதே அடிப்பொருள். கடல் தன் கரையைத் தாண்டாததை இந்தச் சொல்லால் சொல்வார்கள். நம் ‘வரம்பு மீறாதே’ என்பதில் உள்ள வரம்பும் இதேதான், வயல் வரப்பு. தமிழுக்கு வந்த மரியாதை, எல்லை என்ற பொருளைப் பெரும்பாலும் கழற்றிவிட்டு, ஒருவருக்குச் செய்யும் சிறப்பு என்ற பக்கம் போனது. கோயிலில் பரிவட்டம் கட்டுவது மரியாதை. இறுதி மரியாதையும் மரியாதை. பழனிப் பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம் கொங்குப் பேச்சில் ‘மருவாதி’. ஆனால் ஓர் இடத்தில் எல்லைப் பொருள் இன்னும் பல்லோடு இருக்கிறது: ‘மரியாதையாப் போயிடு’. இது மிரட்டல். மலையாளத்தில் ‘மரியாதய்க்கு இரி’ என்பதும் இதே தொனிதான். பலகையில் ‘மரியாதையுடன் நடந்துகொள்ளவும்’ என்பதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். ஆட்களுக்கான குறிப்பில் ‘விருந்தினருக்கு மரியாதை கொடு’ என்பது சரி. அங்கே கொடுக்க வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

பண்பு. ‘பண்பு எனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ (உலக ஒழுக்கம் அறிந்து நடப்பது) என்பது கலித்தொகை 133. பண்படு, பண்பட்ட நிலம் என்பவற்றோடு சேர்ந்த சொல். உழுது கட்டி உடைத்துப் பதமானது. ஆள் முழுவதையும் குறிக்கும் சொல் இது. இரண்டு நாள் தங்குபவரிடம் செருப்பை வெளியே விடச் சொல்வதற்கு இவ்வளவு பெரிய சொல் தேவையில்லை.

பந்தி விசாரிப்பு

சொல்லாராய்ச்சி நன்றாக இருக்கிறது. வேலை நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பலகைக்குத் தலைப்பாக மேலே சொன்ன நான்கில் எதையும் போடாதீர்கள். இங்கிதம் என்பது சொல்லாததைப் புரிந்துகொள்வது. எழுதி வைத்துவிட்டால் அது விதி. ‘வாங்க, வணக்கம்’ என்று பெரிதாக எழுதி, கீழே நான்கைந்து வரிகள். அதற்குமேல் போனால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

வரிகளில் கெட்டுப்போவது வினைமுற்றில்தான். ‘செருப்பைக் கழற்றவும்’ என்பது அலுவலகத் தமிழ். சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. ‘செருப்புடன் நுழையக் கூடாது’ என்பது தடை. ‘செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்’ என்றால் அதே வேலை, கூடவே உள்ளே வரச் சொல்லும் அழைப்பும் இருக்கிறது. பின்னால் காரணத்தை ஒரு சொல்லில் வையுங்கள்: ‘மரத்தரை’. காரணம் தெரிந்தால் விதி இடிக்காது. ‘தயவுசெய்து’ ஒரு பலகையில் ஒரு தடவைதான். வரிக்கு வரி போட்டால் கெஞ்சலாகி, பிறகு எரிச்சலாகிவிடும்.

சட்டத்தை இதில் கலக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு. இவற்றைத் தனிச் சீட்டில் ‘அரசு உத்தரவு’ என்று நேராகவே எழுதுங்கள். சட்டத்தைக் குழைந்து சொன்னால் அது விருப்பம்போல் தெரியும். குழைந்து சொல்ல வேண்டியதைச் சட்டம்போல் சொன்னால் விருந்தாளி முகம் சுருங்கும்.

கழிப்பறைக்கு நம் இலக்கணமே வழி காட்டுகிறது. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்பது தொல்காப்பியம்; அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல் என்று பொருள். நன்னூல் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தது. ‘கால் கழுவி வருதல்’ என்பது வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. அதற்காகக் கதவில் ‘கால் கழுவுமிடம்’ என்று எழுதிவிடாதீர்கள். வெளியூர்க்காரர் நிஜமாகவே காலைக் கழுவிக்கொண்டு போவார். ‘கழிப்பறை’ போதும், அதுவே ஓர் அடக்கல் சொல்தான்.

ஆட்களுக்கான குறிப்பில்தான் இங்கிதத்துக்கு வேலை. அங்கே அறிவுரை எழுதாதீர்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதை அப்படியே எழுதுங்கள்.

பரிமாறும்போது ‘இன்னும் வேணுமா?’ என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்பதுதான் கூச்சமில்லாத பதில். வயிறு நிறையாதவரும் அதையே சொல்லிவிடுவார். ‘கொஞ்சம் ரசம் விடட்டுமா?’ என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கரண்டியை இலை அருகே கொண்டுபோங்கள். வேண்டுமென்றால் சோற்றில் குழி செய்வார். வேண்டாமென்றால் கை இலைக்கு மேலே குறுக்கே வரும். வாய் திறக்க வேண்டியதே இல்லை. வந்தவுடன் ‘காபி வேணுமா?’ என்பதிலும் இதே சிக்கல், ‘காபியா, டீயா?’ என்று கேளுங்கள். முதல் ‘வேண்டாம்’ பெரும்பாலும் உபசாரத்துக்குச் சொல்வது. இரண்டாவது முறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்டால் தொல்லை. பில்லைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரவே கூடாது.

பார்க்க வேண்டிய இடம் முகம். ‘மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’ (குறள் 90). பிசகுவது இங்கேதான்: ஆள் வாயால் ‘சரிங்க’ என்பார், கண் பாத்திரம் கழுவும் பக்கம் போகும். அந்தப் பார்வையை விருந்தாளி பார்த்துவிடுவார். இதுவும் பழைய பொருளில் இங்கிதம்தான், நம் பக்கமிருந்து கசிவது.

வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே போறீங்க?’ என்று கேட்காமல் ‘வர நேரமாகுமா, வெந்நீர் எத்தனை மணிக்கு வைக்கட்டும்?’ என்று கேளுங்கள். வேண்டிய தகவல் வந்துவிடும். வயது, உறவு சரியாகத் தெரியாதவரிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்ற வடிவம் உதவும். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மற்றபடி அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்று இந்தப் பக்கத்து வழக்கப்படியே அழைக்கலாம். இளம்பெண்ணை ‘ஆன்ட்டி’ என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

கேட்கவே கூடாதவை இரண்டு. தம்பதியிடம் ‘குழந்தை இல்லையா?’ என்பது. இன்னொன்று ‘நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?’ என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பது. இரண்டாவதை இங்கிதக் குறைவு என்று மென்மையாகச் சொல்வதுகூடத் தவறு. வேலையை விட்டு நிறுத்த வேண்டிய குற்றம் என்று குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஓட்டுநருக்கு: குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. விதியோடு நிற்காமல் செய்ய வேண்டியது, எதிர் வண்டியின் கண்ணில் அடிக்கும் விளக்கைத் தாழ்த்துவது. பின் சீட்டில் யாராவது பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினால், கேட்காமலே வேகத்தைக் குறைத்து அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துவது. குமட்டல் வந்தவர் ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் கூச்சப்படுவார். சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

பண்ணைக்காட்டு மிளகு

எல்லோருக்கும் நன்றி. பலகைத் தமிழ் இப்படி வந்திருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

*வாங்க, வணக்கம்.*
*செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள், மரத்தரை.*
*இரவில் பேச்சைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அறைகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான்.*
*தயவுசெய்து குரங்குக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கப் பழகிவிடும்.*
*காட்டெருமையைக் கண்டால் தள்ளியே நில்லுங்கள். படமெடுக்க அருகே போக வேண்டாம்.*

ஆட்களுக்கான குறிப்புக்கு ‘இங்கிதம்: குறிப்பறிந்து நட’ என்று தலைப்பு. ஓர் எடுத்துக்காட்டும் வைக்கலாம் என்று தோன்றுகிறது. இந்த மலையோடு தொடர்பு உள்ளதாக ஏதாவது உண்டா?

பொதினி

இந்த மலைக்கே உரியது இருக்கிறது. ஆவியர் குடியில் வந்த வையாவிக் கோப்பெரும்பேகன் நாடு இது. அகநானூற்றில் மாமூலனார் பாடும் பொதினிதான் பழனி என்பர். மயிலுக்குப் போர்வை கொடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். குறிப்புக்கு அது உதவாது; மயில் குளிரில் நடுங்குகிறது என்று பேகன் தவறாகப் படித்த குறிப்பு அது. அவனிடம் போன புலவர்களைப் பாருங்கள். பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அரசனிடம் போய் ‘நீ செய்வது சரியில்லை’ என்று யார் சொல்வது? புறநானூறு 143இல் கபிலர், மலையில் மழை வேண்டிப் பலி தூவி, மழை மிகுந்ததும் போதும் என்று மறுபடி கடவுளை வேண்டும் குறவரைச் சொல்லித் தொடங்குகிறார். பிறகு, நேற்று உன் மலையைப் பாடியபோது ஒருத்தி கண்ணீரை நிறுத்த முடியாமல் குழல் ஏங்குவதுபோல் அழுதாள், ‘யார்கொல் அளியள் தானே’ (இரங்கத்தக்க அவள் யாரோ) என்று கேட்கிறார். யாரென்று தெரிந்தே கேட்கிறார். 145இல் பரணர் ‘பசித்தும் வாரேம், பாரமும் இலமே’ (பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை) என்று சொல்லிவிட்டு, எனக்கு வேண்டிய பரிசில் நீ இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பது என்கிறார். குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. இரப்பவனுக்கு இல்லை என்று சொல்லாத வள்ளலிடம் பரிசில் கேட்கும் முறையிலேயே கேட்டுவிட்டார். ஆட்களுக்கு இதில் ஒரே வரி போதும்: விருந்தாளியின் தவறை விருந்தாளியிடம் சொல்ல வேண்டி வந்தால், தவறைச் சொல்லாமல் உதவி கேள். ‘சத்தம் போடாதீங்க’ என்பதற்குப் பதில் ‘பக்கத்து அறையில் குழந்தை இப்பத்தான் தூங்குச்சு, கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?’ (உண்மையில் குழந்தை இருந்தால் மட்டும்.)

பந்தி விசாரிப்பு

பலகை நன்றாக வந்திருக்கிறது. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அது உயிராபத்து. வரவேற்பு வரிகளோடு ஐந்தாவதாகக் கிடந்தால் செருப்பு விஷயம்போல் படித்துவிட்டுப் போவார்கள். தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில் தனியாக, சிவப்பில், ‘காட்டெருமை நடமாடும் இடம். நெருங்காதீர்கள்’ என்று எழுதுங்கள். அங்கே குழைவே வேண்டாம்.

போடிமெட்டு

அந்தச் சிவப்புப் பலகையின் மலையாளத்தில் ‘காட்டெரும’ என்று எழுதவிடாதீர்கள். அங்கே இந்த விலங்குக்குப் பெயர் ‘காட்டுபோத்து’. எழுதுபவருக்குத் தெரிந்திருக்கும், தமிழ் வரியைப் பார்த்து வண்ணம் அடிக்கிறவர் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.